முகத்தில் விழுந்த ஒளி

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் குடும்பங்களுக்குத் 'தந்தி' என்னும் சொல்லே ஒரு காலத்தில் நெஞ்சை நடுக்குவதாக இருந்தது. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால், பிரிப்பதற்கு முன்னரே அந்தத் தாளில் என்ன இருக்கும் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் உணர்ந்துகொள்வர். சில வேளைகளில் தந்தி வருவதற்கு முதல்நாளே, "ஏனோ மனம் சரியில்லை" என்று அன்னையர் சொல்லியிருப்பர். 2013ஆம் ஆண்டில் தந்திப் பணியே நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் அந்த முன்னுணர்வும் அச்சமும் நின்றுவிடவில்லை. இன்று அவை கைப்பேசியின் மணியோசையில் குடிபுகுந்துள்ளன.

சாவு நிகழ்ந்த பின் செய்தி வந்து சேர்வதே உலகியல்பு. செய்தி முன்னரே வந்துவிட்டால் என்ன ஆகும்? இன்னார் இறக்கப்போகிறார் என்பதை ஒருவன் உறுதியாக அறிந்துகொண்டால் அவன் அதனை வெளியில் சொல்ல வேண்டுமா? சொன்னால் யார் நம்புவர்? நம்பினாலும் யாது பயன்? இவ்வினாக்களைக் கதையும் கூத்தும் காலங்காலமாகக் கேட்டு வந்துள்ளன. தொலைக்காட்சி என்னும் இளங்கலை இவற்றை எடுத்துக்கொண்ட வரலாறு சுவையானது. அதனுள்ளே ஒரு மனிதரின் ஆறாத்துயர் மறைந்து கிடக்கிறது. அதனை இங்கே ஒருவாறு காண்போம்.

1960ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரைமணி நேர நாடகம் ஒன்று ஒளிபரப்பாயிற்று. அதன் பெயர் 'தி பர்ப்பிள் டெஸ்டமெண்ட்'. ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்திலிருந்து எடுத்த தொடர் அது. 'குருதி நிற உயில்' என்று நாம் கருத்துப் பெயர்ப்புச் செய்துகொள்ளலாம். 'தி ட்விலைட் சோன்' என்னும் புகழ்பெற்ற தொடரில் அஃது ஒரு பகுதி. எழுதியவர் ராட் செர்லிங். சாவுக்கு உரியவர்தம் முகங்களில் ஒருவகை ஒளி படர்வதைக் காணும் ஆற்றல் பெற்ற ஓர் இளம் படையதிகாரியின் கதை அது.

இரு மரபுகள்

சாவை முன்னறியும் கதைகளை ஆராய்ந்தால் அவை இரு கிளைகளாகப் பிரிவதைக் காணலாம். முதற்கிளையில், முன்னறிபவன் தன்னைக் காத்துக்கொள்கிறான். இரண்டாம் கிளையில், அவன் பிறர் சாவை அறிகிறான். தடுக்க இயலாமல் நைந்துபோகிறான். முதலாவது வியப்பைத் தருவது. இரண்டாவது இரக்கத்தைத் தருவது.

முதற்கிளைக்கு நல்ல சான்று, நம் நாட்டு வரலாற்றோடு தொடர்புடைய ஒருவரைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. 1884 முதல் 1888 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்தவர் டஃபரின் பிரபு. இந்தியத் தேசியக் காங்கிரசு தோன்றியதும் இவர் காலத்திலேதான். இவரைப் பற்றி ஒரு கதை ஐரோப்பாவெங்கும் வழங்கி வந்தது. அயர்லாந்தில் நண்பர் ஒருவர் மாளிகையில் தங்கியிருந்தபோது, நிலவொளியில் ஒரு மனிதன் சவப்பெட்டியைச் சுமந்து செல்வதை இவர் கண்டாராம். அவன் முகத்தின் கோரம் இவர் மனத்தில் பதிந்துவிட்டதாம். பல்லாண்டுகளுக்குப் பின் பாரிசு நகரில் பிரிட்டன் தூதராக இருந்த காலத்தில், கிராண்டு ஓட்டலின் மின்தூக்கியில் ஏறப்போனவர் அதனை இயக்குபவனிடம் அதே முகத்தைக் கண்டு திடுக்கிட்டுப் பின்வாங்கினாராம். மறுகணம் மின்தூக்கி அறுந்து வீழ, உள்ளிருந்தோர் மாண்டனராம்.

கேட்போரை மயிர்க்கூச்செறியச் செய்யும் இக்கதை உண்மையன்று. கிராண்டு ஓட்டலில் மின்தூக்கி வீழ்ந்தது 1878ஆம் ஆண்டில். டஃபரின் பாரிசில் தூதராக இருந்ததோ 1891 முதல் 1896 வரை. விபத்து நிகழ்ந்த ஆண்டில் அவர் கடலுக்கு அப்பால் கனடாவின் தலைமை ஆளுநராக இருந்தார். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்த அளவிலேயே கதை உடைந்துபோகிறது. வரலாறு கற்பதன் பயன்களுள் இஃதும் ஒன்று.

உண்மையன்று என்பதால் கதை இறந்துவிடவில்லை. இதே அமைப்புடைய கதையொன்றை ஆங்கில எழுத்தாளர் இ. எஃப். பென்சன் 1906இல் எழுதினார். அவர் கதையில் சவ ஊர்தியை ஓட்டி வந்தவனின் முகம், பின்னர்ப் பேருந்து நடத்துநரின் முகமாகத் தோன்றுகிறது. பேருந்தில் ஏற மறுத்தவன் உயிர் பிழைக்கிறான். 1944இல் பென்னட் செர்ஃப் அமெரிக்காவில் வெளியிட்ட பேய்க்கதைத் தொகுப்பிலும், 1945இல் வெளிவந்த 'டெட் ஆஃப் நைட்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்திலும் இக்கதை மீண்டும் தலைகாட்டியது. 1961ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் 'ட்விலைட் சோன்' தொடரிலும் 'ட்வென்டி டூ' என்ற பெயரில் வந்தது. மருத்துவமனையில் படுத்திருக்கும் நடனமாது ஒருத்தி, 22 என்னும் எண்ணிட்ட பிணவறைக்குத் தன்னை ஒரு செவிலி அழைப்பதாக நாள்தோறும் கனாக் காண்கிறாள். நலமடைந்து வானூர்தி ஏறப்போகும்போது அதன் எண்ணும் 22. வாயிலில் நிற்பவளோ கனவில் கண்ட அதே செவிலி. அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். வானூர்தி வானில் வெடிக்கிறது.

சவ ஊர்தி பேருந்தாயிற்று, பேருந்து மின்தூக்கியாயிற்று, மின்தூக்கி வானூர்தியாயிற்று. ஊர்திகள் மாறினவேயன்றி உள்ளீடு மாறவில்லை. இக்கதைகளிலெல்லாம் ஒருவர் தப்பினார் என்ற மகிழ்ச்சியோடு நம் நினைவு நின்றுவிடுகிறது. உள்ளே இருந்து மாண்டவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த மாண்டவர்களைப் பற்றிக் கேட்டவரே ராட் செர்லிங்.

போர்க்களம் தந்த பாடம்

செர்லிங் 1924ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துச் சிராக்கியூசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிங்காம்டன் என்னும் சிற்றூர்ச் சாயல் மாறாத நகரில் வளர்ந்தார். 1943இல் பள்ளிப் படிப்பு முடிந்ததுமே படையில் சேர்ந்தார். 11ஆம் வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த 511ஆம் பாரசூட் காலாட்படையில் இடம்பெற்று, 1944 நவம்பரில் பிலிப்பைன்சு நாட்டின் லேட்டே தீவுக்கு அனுப்பப்பட்டார்.

லேட்டேயின் மலைக்காடுகளில் இடைவிடாத மழையும் சேறும் பசியுமாகப் போர் நடந்தது. வானூர்திகள் வீசியெறிந்த உணவுப்பெட்டிகளே படைவீரர்களுக்கு உயிராதாரம். ஒருநாள், தோழர்கள் நடுவே நகைச்சுவை பேசிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த செர்லிங்கின் நெருங்கிய நண்பர்மீது அத்தகைய பெட்டியொன்று வீழ்ந்தது. நண்பர் அங்கேயே மாண்டார். பகைவர் குண்டன்று, பசி தீர்க்க வந்த சோற்றுப்பெட்டியே கூற்றாயிற்று. இத்தகைய சாவுக்கு எந்தச் சோதிடத்தில் கணக்கு உண்டு? இளைஞர் உள்ளத்தில் இக்காட்சி ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய நாடகங்கள் பலவற்றில் சாவு எதிர்பாராத திசையிலிருந்து வருவதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம் எனலாம்.

பின்னர் லூசான் தீவிலும் மணிலாவிலும் போரிட்டார். 1945 பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் நடந்த மணிலாப் போரில் ஏறத்தாழ 1,00,000 பொதுமக்கள் மாண்டனர் என்பர். செர்லிங்கும் காயமுற்றார், முழங்கால் காயம் வாழ்நாள் முழுதும் அவரைத் துன்புறுத்தியது. வீர விருதுகளோடு வீடு திரும்பினார். கூடவே தீக்கனவுகளும் திரும்பி வந்தன. அண்டியாக் கல்லூரியில் பயின்ற காலத்தில் எழுதத் தொடங்கினார். நெஞ்சுக்குள் இருந்ததை இறக்கிவைக்க வேண்டிய தேவையே தம்மை எழுதவைத்தது என்னும் பொருள்படப் பின்னாளில் கூறியுமுள்ளார்.

விளம்பரதாரர் கையிற் கத்தரிக்கோல்

1955இல் ஒளிபரப்பான 'பேட்டர்ன்ஸ்' நாடகம் செர்லிங்கை ஒரே இரவில் புகழேணியில் ஏற்றியது. மக்கள் விரும்பியதால் நான்கு வாரங்களில் அதனை மீண்டும் நேரடியாக நடித்துக்காட்ட நேர்ந்தது. 1956இல் வந்த 'ரெக்குவியம் ஃபார் எ ஹெவிவெயிட்' அவர் புகழை மேலும் உயர்த்தியது. ஆயினும் புகழ் அவருக்கு உரிமையைத் தரவில்லை. அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகத்திற்குப் பணம் கொடுத்த நிறுவனங்களே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்று முடிவு செய்தன.

1955 ஆகத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டான். கொலையாளிகளை நடுவர் குழு விடுதலை செய்தது. இக்கொடுமையை உள்ளத்திற்கொண்டு செர்லிங் எழுதிய நாடகம் 1956 ஏப்பிரலில் 'நூன் ஆன் டூம்ஸ்டே' என்ற பெயரில் ஒளிபரப்பாயிற்று. அதற்குள் அது பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கதை நிகழிடம் தென்மாநிலத்திலிருந்து வடகிழக்கிற்கு மாற்றப்பட்டது. கொலையுண்டவன் இன்னாரென்று அறியாதவாறு பெயரற்ற அயலான் ஆக்கப்பட்டான். தென்மாநிலத்தை நினைவூட்டும் என்று காட்சியிலிருந்த கோக்கக்கோலாப் புட்டிகள்கூட அகற்றப்பட்டன. 1958இல் அதே கருவை மீண்டும் எடுத்து எழுதினார். அப்போதும் கதை முந்தைய நூற்றாண்டின் தென்மேற்குப் பகுதிக்குத் துரத்தப்பட்டது.

நேரே சொன்னால் வெட்டுகிறார்கள். ஆதலின் வேறொரு வழி தேட வேண்டும். இயற்கை கடந்த கதை என்னும் போர்வையை அவர் எடுத்துக்கொண்டதற்கு இஃதொரு முதன்மையான காரணம். பேயும் மாயமும் பேசும் நாடகத்தில் அரசியல் இருக்கும் என்று கத்தரிக்கோலினர் ஐயுறவில்லை.

1958ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் ஒளிபரப்பான 'தி டைம் எலிமெண்ட்' இவ்வழியின் முதற்படி. மனநல மருத்துவரிடம் ஒருவன் வருகிறான். நாள்தோறும் தான் 1941 திசம்பர் 6ஆம் நாள் ஹொனலூலுவில் விழித்தெழுவதாகக் கனவு வருகிறது என்கிறான். மறுநாள் பேர்ல் துறைமுகம் தாக்கப்படும் என்பது அவனுக்குத் தெரியும். புதுமணத் தம்பதியரைச் சந்திக்கிறான். கணவன் 'அரிசோனா' போர்க்கப்பலில் பணிபுரிபவன். அக்கப்பலோடு 1,177 பேர் மூழ்கினர் என்பது வரலாறு. அவன் கதறுகிறான், படையினரிடமும் செய்தித்தாளாரிடமும் முறையிடுகிறான், எவரும் செவிகொடுக்கவில்லை. இறுதியில் மருத்துவர் அறையில் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. மதுக்கடை ஒன்றில் மருத்துவர் அவன் படத்தைக் காண்கிறார். அவன் பேர்ல் துறைமுகத்தில் மாண்டவன் என்று கடைக்காரர் சொல்கிறார்.

இந்நாடகத்தைக் கண்ட மக்கள் ஆயிரக்கணக்கில் மடல் எழுதினர். முன்னர் இக்கதையை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்த சி.பி.எஸ். நிறுவனமே இப்போது செர்லிங்கை நாடி வந்தது. 1959ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 'ட்விலைட் சோன்' தொடங்கியது. தில்லியில் நம் நாட்டின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிற்று என்பது நினைக்கத்தக்கது. இரண்டிற்கும் இடையே 17 நாள்களே. 1964 வரை 156 நாடகங்கள் வெளிவந்தன. அவற்றுள் 92 செர்லிங் தாமே எழுதியவை.

குருதி நிற உயில்

இனி நாம் தொடக்கத்திற் குறித்த நாடகத்திற்கு வருவோம். களம் 1945ஆம் ஆண்டின் பிலிப்பைன்சு. அஃதாவது செர்லிங் தாம் மிதித்த அதே சேறு. ஃபிட்சுஜெரால்டு என்னும் இளம் அதிகாரி தாக்குதல் முடிந்து திரும்புகிறான். நால்வர் மாண்டிருக்கின்றனர். அந்நால்வர் பெயரையும் அவன் முன்னரே அறிந்திருந்தான். புறப்படுமுன் அவர்தம் முகங்களில் இயல்புக்கு மாறான ஓர் ஒளி தோன்றியதைக் கண்டான். தன் தலைவரும் தோழருமான கேப்டன் ரைக்கரிடம் சொல்கிறான். களைப்பு என்று ரைக்கர் ஆறுதல் கூறுகிறார், உள்ளூரக் கலங்குகிறார். மருத்துவமனையில் தன் வீரன் ஒருவனைக் காணச் செல்கிறான், அம்முகத்திலும் ஒளி, அவனும் இறக்கிறான்.

ஒருநாள் அவ்வொளி ரைக்கரின் முகத்திலேயே தோன்றுகிறது. அவன் அதனை மறைக்கவில்லை. ரைக்கர் மறுத்துப் பேசுகிறார். ஆனால் களத்திற்குப் போகுமுன் தம் திருமண மோதிரத்தையும் குடும்பப் படங்களையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். அந்த ஒரு செயலில் நாடகத்தின் உயிர் இருக்கிறது. நம்பாதவர் கை நம்பிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை.

இறுதியில், ஓய்வுக்காக ஃபிட்சுஜெரால்டைப் பின்னணித் தலைமையிடத்திற்கு அனுப்புகின்றனர். பொருள்களை எடுத்துவைக்கும்போது கண்ணாடியில் தன் முகத்தைக் காண்கிறான். ஒளி அங்கும் இருக்கிறது. அழைத்துச் செல்ல வந்த ஜீப்பு ஓட்டுநனின் முகத்திலும் இருக்கிறது. வழியிற் கண்ணிவெடிகள் முற்றும் அகற்றப்படவில்லை என்கின்றனர். அவன் ஓடவில்லை, அலறவில்லை, அமைதியாக ஏறி அமர்கிறான். சற்று நேரத்தில் தொலைவில் ஓர் ஓசை கேட்கிறது. முகாமில் இருப்பவர் அதனை இடியோசை என்று எண்ணிக்கொள்கின்றனர்.

நடனமாதின் கதையையும் இதனையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரு மரபுகளின் வேறுபாடு விளங்கும். அவளுக்கு வந்த முன்னறிவு அவளைக் காக்கிறது. இவனுக்கு வந்ததோ பிறர்பொருட்டு வருந்தவைக்கிறது, எவரையும் காக்கவில்லை. போரில் உடனிருந்தோர் ஒவ்வொருவராக வீழ, தான் மட்டும் எஞ்சியவனின் உள்ளம், 'எனக்கு முன்பே தெரிந்திருக்குமோ? தடுத்திருக்கலாமோ?' என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். அந்த உள்ளத்தின் வடிவமே முகத்தில் தோன்றும் அவ்வொளி. தோழரை இழந்து மீண்டவர் ஒருவரே இப்படி எழுத முடியும். நாடகத்தில் மாயம் ஒன்றே ஒன்று. எஞ்சியவை யாவும் நடந்தவை போன்றவை.

கூடலூர் கிழார் கண்ட விண்மீன்

இதனைப் படிக்கும் தமிழர் உள்ளத்தில் புறநானூற்றின் 229ஆம் பாட்டுத் தோன்றாமல் இராது. கூடலூர் கிழார் ஒருநாள் இரவு விண்மீன் ஒன்று எரிந்து வீழக் கண்டார். சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வரும் என்று அஞ்சினார். அவன் நோயின்றி இருத்தல் வேண்டும் என்று நெஞ்சம் பதைக்க நாள்களை எண்ணினார். ஏழாம் நாள் வந்தது, மன்னன் மாண்டான். வானநூல் வல்லவராகிய அப்புலவர் தம் கணிப்பு மெய்யாயிற்று என்று பெருமை கொள்ளவில்லை. தம் கணிப்பு பொய்யாகாதா என்று ஏங்கியதையும், தலைவனை இழந்த நாட்டின் வெறுமையையுமே பாடினார்.

லேட்டே காட்டின் படைவீரருக்கும் சேரநாட்டுப் புலவருக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஒருவர் மற்றவரை அறிந்தவரும் அல்லர். ஆயினும் இருவரும் ஒன்றையே உணர்ந்தனர். அன்பு வைத்தவர் சாவை முன்னறிவது பேறு அன்று, பெருஞ்சுமை. டஃபரின் கதையைப் புனைந்தவர்கள் இதனை உணர்ந்திலர்.

திரும்பிச் செல்ல இயலாத வீடு

செர்லிங் வாழ்வில் இன்னும் ஒரு சாவு உண்டு. 1945ஆம் ஆண்டு, போர் ஓய்ந்த வேளையில், ஊரில் அவர் தந்தையார் நெஞ்சடைப்பால் காலமானார். மகன் கடல்கடந்து படையில் இருந்தார், வயது 20. தந்தையின் இறுதிச் சடங்கிற்கு அவரால் போய்ச் சேர முடியவில்லை. எத்தனையோ போர்க்களச் சாவுகளை அருகிலிருந்து கண்டவருக்குப் பெற்றவரின் முகத்தைக் கடைசியாகக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை. அம்முகத்தில் எந்த ஒளியையும் அவர் கண்டிலர்.

1959 அக்டோபர் 30ஆம் நாள் ஒளிபரப்பான 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' நாடகத்தில், நகர வாழ்வில் சலித்த 36 வயது மனிதன் ஒருவன் தான் பிறந்த ஊருக்கு நடந்து செல்கிறான். ஊர் அவன் சிறுவனாக இருந்த காலத்திலேயே நிற்கிறது. இசைமேடையும் குதிரை இராட்டினமும் அப்படியே இருக்கின்றன. அவை செர்லிங் விளையாடிய பிங்காம்டன் பூங்காவின் நிழல். மறைந்த தந்தை உயிரோடு நிற்கிறார். தொடக்கத்தில் நம்பாத அவர், பின்னர் உண்மையை உணர்ந்து, இக்காலம் உனக்குரியதன்று, உன் காலத்திற்குத் திரும்பிப் போ என்று அன்போடு சொல்லி அனுப்புகிறார். சடங்கிற்குப் போக முடியாத மகன், விடைபெறுதலை நாடகத்தில் நிகழ்த்திக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. செர்லிங்கும் நீண்ட நாள் வாழ்ந்தாரல்லர். 1975ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், நெஞ்சுநோய்க்கு அறுவை செய்துகொண்டபின், 50ஆம் வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின் இத்தகைய தொடர்கள் பல வந்தன. ஸ்டீபன் கிங் 1979இல் எழுதிய புதினத்தை அடியொற்றி, 2002 முதல் 2007 வரை ஒளிபரப்பான 'தி டெட் சோன்' அவற்றுள் ஒன்று. அதில் பிறர் கையைத் தொட்ட அளவிலே வருவதை உணரும் ஒருவன் அதனைத் தடுக்கவும் முயல்கிறான். தடுக்க முடியும் என்ற நம்பிக்கை வேண்டுவதே. எனினும் தடுக்க முடியாத இடத்தில் மனிதன் எவ்வாறு நிற்கிறான் என்று காட்டிய அந்தக் கறுப்பு வெள்ளை நாடகத்தின் ஆழம் தனி.

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நம்மில் எத்தனையோ பேர், இரண்டு நாள் இரயிற் பயணம் முடிந்து வாசலை அடையும்போது எல்லாம் முடிந்திருக்கக் கண்டவர்கள். பால் தெளிக்கும் நாளுக்கே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. "முன்னரே தெரிந்திருந்தால்..." என்ற ஒரு தொடர் நம் நெஞ்சில் முடிவுறாமலே நிற்கிறது. செர்லிங்கின் நாடகம் அத்தொடரை முடித்துக் காட்டுகிறது. முன்னரே தெரிந்திருந்தாலும் சாவை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் ரைக்கர் மோதிரத்தைக் கழற்றி வைத்ததுபோல, சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கலாம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கலாம்.

அதற்கு முகத்தில் ஒளி தோன்ற வேண்டுவதில்லை. எல்லா முகங்களும் ஒருநாள் அவ்வொளிக்கு உரியனவே என்பதை நாம் அறிவோம். அறிந்தும் கடிதத்தை நாளைக்கு ஒத்திவைக்கிறோம். விடுமுறையை அடுத்த ஆண்டிற்குத் தள்ளுகிறோம். இவ்வாண்டு ஊருக்குச் செல்ல இயன்றவர்கள் சென்று வருவோமாக. இயலாதவர்கள் இன்றே பெற்றோரின் குரலைக் கேட்போமாக. முன்னறிவின் பயன் இவ்வளவே, இதுவும் பெரிதே.